ராத்திரி முன்னால் வருமா, பின்னால் வருமா

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அகராதி ஒன்று கொடுத்திருப்பார்கள். நல்ல கனமான புத்தகம். காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள். நாழிகை என்ற சொல்லுக்கு அதில் மணி நேரம் என்று போட்டிருக்கும். ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை என்பது அதை எழுதியவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாததால், தாமிரபரணிக் கரையில் எத்தனையோ நல்ல மனிதர்கள் இரண்டரை மடங்கு மெதுவாக நடந்ததாக ஆவணங்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

சாட்சி சொல்ல வருகிறவர்கள் கடிகாரம் பார்த்து வாழ்கிறவர்கள் அல்லர் என்பதை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உவரியிலிருந்து வந்த ஒரு மீன்காரரைச் சர்க்கார் வக்கீல் கேட்டார்: "நீ கரைக்கு வந்தபோது மணி என்ன?"

"கரைக்காத்து விழுந்துட்டுய்யா."

"காற்றைக் கேட்கவில்லை. மணியைக் கேட்கிறேன்."

"மணி கோயில்ல கெடக்கு. நாங்க கடல்ல கெடந்தோம்."

இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஜட்ஜ் துரை பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அது வலை கிழிந்த வழக்கு, சிரிக்கலாம். நான் சொல்ல வந்தது வேறொரு வழக்கு. அதில் கிழிய இருந்தது ஒருவன் கழுத்து. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. பேனா வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்காரர்கள் சென்னை நேரத்தைக் கைவிட்டுப் புது நேரத்துக்கு மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் மூன்று நேரம் வழக்கில் இருந்தது. கோர்ட்டுக் கடிகாரம் ஒன்று, சர்ச் மணி ஒன்று, வண்ணார்பேட்டை வண்டிக்காரர்களின் பசி ஒன்று. மூன்றில் கடைசியதுதான் தவறாது.

அந்தச் சமயத்தில் சீவலப்பேரிக்குப் பக்கத்தில், ஆறு கூடும் இடத்தில், ஒரு நூல் வியாபாரியை வியாழக்கிழமை ராத்திரி யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். போலீஸ் பிடித்தது இசக்கிமுத்து என்பவனை. அதே ஊர்க்காரன். கல்யாணமோ கோயில் கொடையோ, எந்த ஊர்வலமானாலும் முன்னால் தீவட்டி பிடித்து நடப்பது அவன் தொழில். சில வாரத்துக்கு முன்பு டவுன் கடைத்தெருவில் அவன் தீவட்டியிலிருந்து ஒரு பொறி வியாபாரியின் நூல் பொதியில் விழுந்திருக்கிறது. வியாபாரி அத்தனை பேர் பார்க்க அறைந்திருக்கிறார். இவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஒரு நாளைக்கு இருக்குவே உமக்கு" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு நாள் இந்த வியாழக்கிழமைதான் என்பது சர்க்கார் தரப்பு.

இசக்கிமுத்து சொன்ன பதில் சுருக்கமானது. அந்த வியாழக்கிழமை ராத்திரி முழுக்கத் தான் மேலப்பாளையத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குத் தீவட்டி பிடித்ததாகச் சொன்னான். பெண்ணின் தகப்பனார் அசன் ராவுத்தர் அவனுக்குச் சாட்சி. மேலப்பாளையத்திலிருந்து சீவலப்பேரிக்கு நடந்து போய்த் திரும்புவதற்குள் விடிந்துவிடும். ராவுத்தர் சொல்வதை ஜட்ஜ் நம்பினால் அவன் வீட்டுக்குப் போகலாம். நம்பாவிட்டால் தூக்கு. நடுவில் வேறு வழி இல்லை.

விசாரணை தொடங்கிய அன்று சர்க்கார் வக்கீல் எழுந்தார். சென்னையில் படித்தவர். சித்திரை வெயிலிலும் அவர் கோட்டு கசங்காது. கீழ்க்கோர்ட்டில் மாஜிஸ்டிரேட் முன்பு நடந்த விசாரணையின் இங்கிலீஷ் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "எதிரியான இசக்கிமுத்து வியாழக்கிழமை இரவு மேலப்பாளையத்தில் இருந்ததாகச் சொல்கிறான். அவனுடைய சொந்த சாட்சியோ கல்யாணம் வெள்ளிக்கிழமை இரவு என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். கொலை செய்த மறுநாள் அவன் தீவட்டி பிடித்தான் என்பதை நாங்கள் மறுக்கவே இல்லை."

துரை தலையை அசைத்துக் குறித்துக்கொண்டார். அதில் ஒரு பிழை இருப்பது எனக்குத் தெரிந்தது.

காரணம் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை மிஷன் தெருவில். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் மேலப்பாளையத்துப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் மறுநாள் என்பது நடுச்சாமத்தில் பிறக்கும். புது வருஷத்துக்குக் கண் விழித்து உட்கார்ந்திருப்பது அதனால்தான். சீவலப்பேரிக்காரனுக்குச் சூரியன் கிளம்பினால்தான் மறுநாள்; கோழி கூப்பிடும்போதும் அவன் முந்தின நாளில்தான் படுத்திருப்பான். மேலப்பாளையத்திலோ பொழுது அடைந்ததும் மறுநாள் வந்துவிடும். அவர்கள் கணக்கில் ராத்திரி முதலில் வரும், அதன் பகல் பின்னால் வரும். நாம் வியாழக்கிழமை ராத்திரி என்பது அவர்களுக்கு வெள்ளி ராவு. இசக்கியும் ராவுத்தரும் ஒரே ராத்திரியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் உண்மை சொன்னதால் இருவரும் பொய்யர்களாகிவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் எழுதிய புண்ணியவான் அகராதியைப் பார்த்து, வெள்ளிக்கிழமை இரவு என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்.

எழுந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மொழிபெயர்ப்பாளன் சாட்சி அல்லன், வக்கீலும் அல்லன். அவனுடைய சத்தியப் பிரமாணத்தில் இருப்பது கூட்டாமல் குறைக்காமல் சொல்வது ஒன்றுதான். கேட்காத விளக்கம் கூட்டலில் சேரும்.

டிபன் வேளையில் தாழ்வாரத்து மண்பானையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எதிரி தரப்பு வக்கீல், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்ற இசக்கிமுத்துவைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் கும்பகோணத்திலிருந்து வந்து சில மாதந்தான் ஆகியிருந்தது.

"ஏண்டா, நீ வியாழக்கிழமைங்கற. உன் சாட்சி வெள்ளிக்கிழமைங்கறார். பொய்யே சொல்றதானாலும் முன்கூட்டிப் பேசிண்டு சொல்லப்படாதோ?"

"பொய் இல்லய்யா. வியாழக்கெழமதான். மாப்ளைக்கு முன்னால நாந்தான் பிடிச்சேன். எண்ண வடிஞ்சு கை பொத்துப் போச்சு. பாருங்க."

"உன் கையை ஜட்ஜ் பார்க்கப் போறதில்லை. அந்த ராவுத்தரைக் கூண்டுல ஏத்தினா அவர் வாயாலயே உனக்குக் கயிறு. அவரைக் கூப்பிடாம விட்டுடலாம்னு பாக்கறேன்."

இசக்கிமுத்துவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "அவுகள விட்டா எனக்கு யாருய்யா இருக்கா?"

வக்கீலின் காதில் நான்கு வார்த்தை போட்டால் போதும். போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மறுநாள் சர்க்கார் வக்கீல் சாட்சியிடம் கேட்கும் முதல் கேள்வி, இந்த விளக்கத்தை உமக்கு யார் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான். தாழ்வாரத்தில் மொழிபெயர்ப்பாளன் வக்கீலோடு பேசியதைப் பார்த்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே நிற்கிறார்கள். உண்மைக்கு என் வாடை அடித்துவிட்டால் அப்புறம் அதை யாரும் தொடமாட்டார்கள். நான் பானையை மூடிவிட்டு உள்ளே போனேன். உத்தியோகத்தில் நான் செய்தவற்றில் கடினமானது எது என்று கேட்டால், அந்தப் பானையை மூடியதைச் சொல்வேன்.

நல்லவேளை, வக்கீலுக்கு வேறு சாட்சி இல்லை. மறுநாள் மனமில்லாமல் ராவுத்தரைக் கூப்பிட்டார். ராவுத்தர் வெள்ளைச் சட்டையும் தலைப்பாகையுமாகக் கூண்டில் ஏறினார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த நிறைவு முகத்தில் இன்னும் இருந்தது.

"கல்யாணம் எப்போது நடந்தது?"

"வெள்ளி ராவு."

கோர்ட்டு முழுக்க என் வாயைப் பார்த்தது. எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். ஃபிரைடே நைட் என்றால் அகராதிப்படி குற்றமில்லை, ஆனால் ஒரு ஆளைக் கொல்லும். தர்ஸ்டே நைட் என்றால் அர்த்தப்படி சரி. ஆனால் சர்க்கார் வக்கீலுக்குத் தமிழ் தெரியும். சாட்சி வெள்ளி என்றதை இவர் வியாழன் ஆக்கிவிட்டார் என்று அவர் குதித்தால், என்னோடு இசக்கியும் மூழ்குவான். இரண்டு கதவும் பூட்டிக் கிடந்தது. மூன்றாவது ஒன்று இருப்பது அந்த மூச்சில்தான் தெரிந்தது.

"கல்யாணம் வெள்ளி ராவு நடந்தது" என்று இங்கிலீஷில் சொன்னேன். எல்லாச் சொல்லும் இங்கிலீஷ். அந்த இரண்டு சொல் மட்டும் சாட்சி சொன்னபடியே தமிழ்.

சர்க்கார் வக்கீல் எழுந்துவிட்டார். "வெள்ளிக்கிழமைக்கு இங்கிலீஷ் தெரியாத மொழிபெயர்ப்பாளருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும்."

துரை மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏன் நிறுத்திவிட்டீர்?"

"அந்தச் சொல்லுக்குச் சரியான இங்கிலீஷ் என்னிடம் இல்லை. கோர்ட்டு விரும்பினால் சாட்சியிடமே அர்த்தம் கேட்கலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். துரை யோசித்தார். தமிழ்ப் பரீட்சையில் தேறியவர் என்பதால் அவருக்கும் வெள்ளி என்றால் எந்தக் கிழமை என்று தெரியும். தெரிந்த சொல்லை நான் மொழிபெயர்க்க மறுத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். புத்திசாலி.

"கேளும். வெள்ளி ராவு எப்போது தொடங்குகிறது?"

கேட்டேன். ராவுத்தர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இது என்ன கேள்விவே. வியாழக்கெழம பொழுது அடைஞ்சா வெள்ளி ராவுதான?"

அதை நான் சொல்லி முடிப்பதற்குள் சர்க்கார் வக்கீல் பாய்ந்தார். "இது இப்போது கட்டிய கதை. கீழ்க்கோர்ட்டில் வெள்ளி என்றவர் இங்கே வியாழன் என்கிறார்."

"நான் எங்கன வியாழன்னேன்? வெள்ளி ராவுன்னுதான் சொல்லுதேன். அங்கனயும் அதத்தான் சொன்னேன். எழுதுனவருக்கு ராத்திரி முன்னால வருமா பின்னால வருமான்னு தெரியலைன்னா நான் என்ன செய்ய?"

"எதிரியின் வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்."

எல்லோரும் கும்பகோணத்தாரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அதைப் பார்த்த யாரும் அவர் எதையாவது யாருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நம்பமாட்டார்கள். அந்த வழக்கில் அவர் செய்த மிகப் பெரிய உதவி அந்த வாய்தான்.

ஆனால் சந்தேகம் துரையின் முகத்தில் இன்னும் இருந்தது. ஒரு சாட்சி தன் சொல்லுக்குத் தானே அர்த்தம் சொன்னால் போதாது. அவர் ராவுத்தரை ஒரு மூலையில் உட்காரவைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்றார். வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த அடுத்த சாட்சியை அழைத்துவரச் சொன்னார். அவர் பெண்ணின் தாய்மாமன். பெயர் சாகுல். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் காக்கவைத்த கோபம் மட்டும் இருந்தது.

துரை கேள்வியைத் தானே கேட்டார். கிழமையின் பெயரே அதில் இல்லை. "கல்யாண விருந்து சாப்பிட்ட பிறகு, நீர் போன முதல் ஜும்ஆத் தொழுகை எப்போது?"

பாருங்கள், எவ்வளவு அழகான கேள்வி. ஜும்ஆ வெள்ளிக்கிழமை நடுப்பகலில்தான். விருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் அடுத்த ஜும்ஆவுக்கு ஒரு வாரம் போகவேண்டும். எனக்கு வந்த சோதனை வேறு. என் குரல் எங்கேயாவது ஒரு சொல்லில் அழுந்தினால் போதும், ஜாடை காட்டினேன் என்பார்கள். பால்காரன் கணக்குச் சொல்வதுபோலத் தட்டையாகக் கேட்டேன்.

சாகுல் மாமா முகத்தைச் சுளித்தார். "அத ஏன் கேக்குதீரு. மறாநாள் உருமத்துக்குத்தான் ஜும்ஆ. ராத்திரி தின்ன நெய்ச்சோறு அதுக்குள்ள செரிக்குமாவே? பள்ளியில குனியவும் முடியல, நிமுரவும் முடியல."

மூலையிலிருந்து ராவுத்தர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "நெய்ச்சோத்தையா கொற சொல்லுதீரு மச்சான்?"

"அங்கே என்ன சொல்கிறார்?" என்றார் துரை.

"விருந்தைப் பற்றிய அவதூறை ஆட்சேபிக்கிறார்."

கோர்ட்டு குலுங்கியது. டவாலி சேவகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆனால் நான் பார்த்தது துரையின் பேனாவை. அது ஓடியது. மறுநாள் நடுப்பகல் என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

சர்க்கார் வக்கீல் சும்மா விடுகிறவர் அல்லர். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். "அப்படியானால் கல்யாணம் வியாழக்கிழமை இரவா?"

"இல்ல. வெள்ளி ராவு."

"அதாவது, வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு."

"அது சனி ராவுல்லா? சனி ராவு எவம்வே எங்க ஊர்ல கல்யாணம் வச்சான்?"

"சரி. தீவட்டி பிடித்தவன் இவன்தான் என்பது உமக்கு எப்படித் தெரியும்? இருட்டில் எத்தனையோ பேர்."

சாகுல் மாமா எதிரிக் கூண்டில் நின்ற இசக்கிமுத்துவை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்தது. "இவனா? எம் புதுச் சட்டையில எண்ணயச் சிந்துன பய. ஏலே, பையப் பிடிலேன்னு எத்தன தடவ சொன்னேன்? அந்தக் கற இன்னும் போகல. இவன மறப்பேனா?"

இசக்கிமுத்து கூண்டுக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டான். எண்ணெய் சிந்தியதற்கு மன்னிப்பா, நன்றியா என்று நான் கேட்கவில்லை. ஒரு பொறி விழுந்து அவனைக் கூண்டில் ஏற்றியது. சிந்திய எண்ணெய் இறக்கிவிட்டது.

ஜட்ஜுக்கு யோசனை சொல்ல உட்கார்ந்திருந்த அசெஸர்கள் ஒரே குரலில் குற்றமில்லை என்றார்கள். துரை தீர்ப்பை அன்று சாயங்காலமே வாசித்தார். குற்றம் நிரூபணமாகவில்லை, எதிரியை உடனே விடுதலை செய்யவேண்டியது. நான் அதை இசக்கிமுத்துவுக்குத் தமிழில் சொன்னேன்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரியாத சொல்லுக்கு முன்னால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அதற்குத் திறமை வேண்டாம். தெரிந்த சொல்லுக்கு முன்னால் நிற்பதுதான் நம் வேலை. நாளும் பொழுதும் எல்லோருக்கும் பொது என்று தோன்றும். அந்த இடத்தில்தான் கால் வழுக்கும். சரியான சொல் கையில் இல்லாதபோது பக்கத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சொன்ன சொல்லையே ஜட்ஜின் மேஜையில் வையுங்கள். அவர் கேட்கட்டும். கேட்டால் பதில் உங்களுடையது அல்ல, சாட்சியுடையது. அதை யாரும் அசைக்க முடியாது.

கதை இதோடு முடியவில்லை. தாழ்வாரத்துக்கு வந்தால், காவலுக்கு வந்த ஏட்டு இசக்கிமுத்துவின் கையை விடவில்லை. விடுதலை உத்தரவு தாளில் வேண்டும், தாளை எழுதவேண்டிய குமாஸ்தா பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். முறைப்படி ஏட்டு செய்தது சரி. நான் எல்லா முறையும் அறிந்தவன். அதனால் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கு வந்தது.

இசக்கிமுத்து என்னிடம் கேட்டான்: "உடனேன்னு சொன்னீங்களேய்யா. உடனேன்னா எப்பம்?"

காலத்தைப் பற்றிய சொற்களில் அரசாங்கத்தின் உடனேதான் மிக நீளமானது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? ஏட்டே பதில் சொன்னார். "நாளைக்குப் பாத்துக்கலாம்லே. ஒரு ராத்திரிதான."

நான் உள்ளே போய் என் மேஜையிலேயே உத்தரவை எழுதினேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. துரை அதற்குள் வண்டிப் படியில் கால் வைத்துவிட்டார். தாளோடு ஓடினேன். கோர்ட்டு வாசலில் நான் ஓடியதை அதற்கு முன்போ பின்போ யாரும் பார்த்ததில்லை. அதே நேரம் தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து, பொழுது அடைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்கு கேட்டது. மேற்கே ஆற்றுப் பக்கம் வானம் சிவந்து அடங்கிக்கொண்டிருந்தது. சாகுல் மாமா ஏட்டின் முன்னால் போய் நின்றார்.

"ஏட்டையா, நாளைக்கு விடுதேன்னுதான சொன்னீரு?"

"ஆமா, அதுக்கு என்ன?"

"பாங்கு சொல்லியாச்சுவே. நாளைக்கு வந்துட்டு. அவன வுடும்."

துரை படியில் நின்று திரும்பினார். "அந்தப் பெரியவர் என்ன சொல்கிறார்?"

மூச்சு வாங்கியபடியே, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். துரை ஏட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி வண்டியின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியையும் போட்டு என்னிடம் நீட்டினார். ஏட்டு கையை எடுத்தார். இசக்கிமுத்து விடுபட்ட மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

சாகுல் மாமா என் தோளுக்கு மேலே தாளை எட்டிப் பார்த்தார். "துரை என்ன தேதிவே போட்டிருக்காரு?"

சொன்னேன்.

"அது நேத்தைக்குள்ளதுல்லா" என்றார்.

துரை வண்டியில் ஏறிக்கொண்டே, இப்போது என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் சலாம் வைத்தேன். என் உத்தியோக காலத்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.